கிதாருக்கு ஏற்ற தந்தி

மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டு வந்த வீணைக்கு அருகே இன்று ஒரு கிதாரும் இடம் பெற்றிருக்கக் காண்கிறோம். பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். பெற்றோரும் மனமுவந்து வாங்கித் தருகின்றனர். ஆனால், தந்தி அறுந்த அன்று எதைத் தேர்வது என்றறியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருகின்றனர். அதனால் விளையும் கேடு சிறிதன்று. பொருந்தாத தந்தி கருவியையே பழுதாக்கிவிடும். அல்லது பிள்ளையின் விரலை நோகச் செய்து, இசையின் மேலிருந்த ஆசையையே போக்கிவிடும்.

முதலில் நாம் அறிய வேண்டுவது தந்தியை அன்று, கருவியை. கிதாரில் எஃகுத் தந்திக்கென்று செய்யப்பட்டதும், நைலான் தந்திக்கென்று செய்யப்பட்டதும் என இரு வகை உண்டு. தந்திகள் வந்து முடியும் குதிரையை உற்று நோக்குவோம். தந்தியின் நுனியிலுள்ள சிறு உலோகக் குண்டு துளைக்குள் இறங்கி, ஒரு முளையால் இறுக்கப்பட்டிருப்பின், அது எஃகுக்கு உரியது. தந்தி குதிரையோடு முடிச்சிடப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் நைலானுக்கு உரியது.

இவ்விரண்டாம் வகைக்கு முன்னாளில் விலங்கின் குடலிலிருந்து முறுக்கிய நரம்பையே பூட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது அந்நரம்பு கிடைத்தல் அரிதாயிற்று. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர், ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை ஆந்திரே செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்தியை உருவாக்கினார். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து கருவியை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடாகும். எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்கு மேலும் இழுப்பதுண்டு. ஆதலின் நைலான் கிதாரில் எஃகை ஏற்றினால், குதிரை பெயர்தலும், பலகை புடைத்தலும், கழுத்து வளைதலும் நேரக்கூடும்.

எஃகு வகையிலும் தெரிந்தெடுத்தல் வேண்டும். மேல் சுருதிக்கு உரிய இரண்டு தந்திகள் வெறும் எஃகுக் கம்பிகள். ஏனைய நான்கும் எஃகின் மேல் வேறோர் உலோகம் சுற்றப்பட்டவை. தாழ்ந்த சுருதிக்குக் கனம் வேண்டும். ஒரே கம்பியைத் தடிப்பாக்கினால் அது விறைத்து ஓசை மழுங்கும். சுற்றுக் கம்பி, விறைப்பை மிகுவிக்காமல் கனத்தை மட்டும் கூட்டுகிறது.

வெண்கலம் என்று பெயரிட்டு விற்கப்படும் ஒரு வகைச் சுற்று, நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தது. நம் வழக்கில் அது பித்தளையே. கணீரென்று ஒலிக்கும், ஆயினும் விரைவில் மங்கும். பாஸ்பர் வெண்கலமோ 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சிறிது பாஸ்பரஸும் சேர்ந்தது. அதன் நாதம் இதமானது, நெடுநாள் நிற்பது. மெல்லிய பூச்சுப் பூசிய தந்திகள் விலை மிக்கவை. ஆயினும் மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்று வீசும் நகரங்களில் அவை நன்கு உழைக்கும்.

அடுத்தது பருமன். அதனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவர். உறையின் மேல் 12 முதல் 53 வரை என்றிருப்பின், அது பலருக்கும் பொருந்தும் அளவு. புதிதாகப் பயிலும் சிறுவருக்கு 10 முதல் 47 வரையுள்ள மெல்லிய தொகுதியே நன்று, அழுத்துவது எளிது.

வாங்கும்போது உறை பிரிக்கப்படாமலும், தந்தி துருவும் மடிப்பும் இன்றியும் இருத்தல் வேண்டும். பூட்டிச் சுருதி நிலைத்தபின், ஒவ்வொரு தந்தியையும் திறந்த நிலையில் மீட்டி, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுவோம். பின்னது மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரமாக ஒலிக்க வேண்டும். மற்றவை ஒத்து நிற்க, ஒன்று மட்டும் பிசகுமாயின், குறை பெரும்பாலும் அத்தந்தியினுடையதே. புதுத் தந்தி சில நாள் நெகிழ்ந்து சுருதி இறங்குவது இயல்பு, அது குறையன்று.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்து வைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். விரலின் வியர்வையே தந்தியை அரிக்கும் முதற் பகை. விலையுயர்ந்த தந்தியே நம்பத்தக்கது என்று எண்ண வேண்டா. கருவிக்கும் விரலுக்கும் வாழும் ஊரின் காற்றுக்கும் ஒத்தது எதுவோ, அதுவே நம்பத்தக்க தந்தியாகும்.