துப்பாக்கி ஏன் உதைக்கிறது?
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

என்.சி.சி.யில் நாம் சுடும் பாயின்ட் டூ டூ ரைஃபிள் தோளில் பட்டதே தெரியாது. பெரிய ரைஃபிளோ தோளைப் பதம் பார்த்துவிடும். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிக்கொள்வான். அப்புறம் குறி எங்கே இருக்கும்?

காரணம் நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டு முன்னே பாய்கிற உந்தம் அளவுக்கு ரைஃபிள் பின்னே வரும். அமெரிக்க ராணுவம் 1906இல் ஏற்ற தேர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டாவைப் பார்ப்போம். 9.7 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 885 மீட்டர் வேகம். ரைஃபிள் 3.6 கிலோ என்றால் அது வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். ஆற்றல் 10 ஜூல். மருந்துப் புகையின் உதை தனி.

அங்கே சுடுபவர்கள் பலர், சுட்ட பித்தளைக் கூட்டில் புது ப்ரைமர், நிறுத்த மருந்து, புதுக் குண்டு வைத்துத் தாங்களே தோட்டா செய்கிறார்கள். 8.1 கிராம் குண்டை 640 மீட்டர் வேகத்தில் விட்டால் உதை 3.7 ஜூல்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! சிறுவர்களும் பழகலாம்.

இதைச் சொன்னதும், மூட்டை தூக்கும் என் அப்பா, "அப்போ மருந்தைப் பாதியாக்கினாப் போதுமே?" என்றார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான். பதில் சொல்லியாக வேண்டுமே!

போதாது அப்பா. பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து இருந்தால், அது ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் கிடக்கும். எரிவது மாறும், வேகமும் மாறும். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன்: ஒரு குண்டு 550, இன்னொன்று 650 மீட்டர் வேகத்தில் போனால், 100 மீட்டர் தூரத்தில் இரண்டுக்கும் 4.6 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். குறி தவறுவது இங்கேதான். ஆகவே குறைந்த அளவிலும் ஒரே சீராக எரியும் மருந்து வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசில் நிறுத்துப் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கையும் போகலாம், கண்ணும் போகலாம். மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் திடீரென எகிறுவதும் உண்டு. அதனால்தான் ஹாட்ஜ்டன் நிறுவனம், எச் 4895 என்ற மருந்துக்கு அட்டவணை தந்துள்ள தோட்டாக்களில், உச்ச அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போகாதே என்கிறது. எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். எனவே நமக்கு இது செய்முறை அல்ல, பாடம். ஒர்க்‌ஷாப்பில் லேத்தின் வேகத்தைக் குறைத்தாலும், பாய்லரின் அழுத்தத்தைக் குறைத்தாலும், "குறைத்தால் ஆபத்தில்லை" என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. அதிகத்துக்கு எல்லை இருப்பதுபோல் குறைவுக்கும் எல்லை உண்டு. அட்டவணையைப் பார்ப்போம், அப்புறம் கை வைப்போம்!