சுவரில் மாட்டும் படங்கள்

கார்வேட்டிநகரத்தில் ஒரு வீட்டுக்குள் போகிறோம். சுவரைப் பார்க்கிறோம். ஏழுமலையான் படம் இருக்கிறது. தாத்தா பாட்டி புகைப்படம் இருக்கிறது. கல்யாணப் படமும் நாள்காட்டியும் தொங்குகின்றன.

இந்தப் படங்கள் நம் வீட்டுக்கு எப்படி வந்தன?

முன்பு வண்ணப் படங்கள் பெரும்பாலும் கோயிலிலும் அரண்மனையிலும்தான் இருந்தன. ராஜா ரவிவர்மா ஒரு பெரிய ஓவியர். 1848-இல் கேரளத்தில் பிறந்தவர். அவர் 1894-இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். லட்சுமி, சரஸ்வதி படங்கள் அங்கே அச்சாயின. ஒரே படம் பல பிரதிகளாக வந்தது. விலை குறைந்தது. சாதாரண மக்களும் வாங்கினார்கள். பிறகு சிவகாசி நாள்காட்டிகளும் வந்தன.

அச்சுப் படம் கிழிந்தால் வேறு வாங்கலாம். தாத்தாவின் ஒரே புகைப்படம் கெட்டுப்போனால்? எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் கவனம் தேவை.

படத்துக்கு மூன்று பகைகள்

முதல் பகை ஓதம். மழைக்காலத்தில் சுவர் ஈரமாகும். படத்தில் பூஞ்சை பிடிக்கும். புகைப்படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகமே உரிந்துவிடும். ஆகவே சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் படாமல், ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்னால், கீழ் மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

இரண்டாவது பகை வெயில். வெயில் நேராகப் பட்டால் நிறம் மங்கும். காளஹஸ்தி கலம்காரித் துணியை அறிவீர்கள். மூங்கில் எழுதுகோலால் துணியில் வரைவார்கள். கடுக்காய், வெல்லம், பழைய இரும்பு ஆகியவற்றைக் கொண்டு கறுப்பு நிறம் வரவழைப்பார்கள். அந்தத் துணியையும் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ஆணி குத்த வேண்டாம். மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே குச்சி நுழைத்துத் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது பகை புகை. அடுப்புக்குப் பக்கத்தில் புகைப்படம் வேண்டாம்.

எப்படி மாட்டுவது?

முதலில் எல்லாப் படங்களையும் தரையில் அடுக்கிப் பாருங்கள். பெரிய படம் நடுவில் இருக்கட்டும். சிறியவை அதன் இரு பக்கமும் இருக்கட்டும். இடையே நான்கு விரல் இடம் விடுங்கள். பிறகு சுவரில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். நின்று பார்ப்பவரின் கண் உயரம் நல்லது.

சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஆணி அடிக்காதீர்கள். சுவருக்குள் மின்கம்பி இருக்கலாம். தொட்டிலுக்கு மேலும், படுக்கும் இடத்துக்கு மேலும் கண்ணாடிப் படம் வேண்டாம். கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். கனமான மாலை போடும் படத்துக்கு இரண்டு ஆணி அடியுங்கள்.

பெயரை எழுதுங்கள்

பழைய படத்தில் பலர் நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்குப் பிறகு யாருக்குத் தெரியும்?

இன்றே பாட்டியிடம் கேளுங்கள். சட்டத்தின் பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றும் போதும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். நீங்கள் எழுதியதை உங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.