பாலுக்கு மணி பார்க்கலாமா?

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை தாய்ப்பால் தர வேண்டும். இதைக் கேட்டதும் கணக்குப் போட்டு, இரண்டு மணிக்கொரு தரம் என்று செல்போனில் அலாரம் வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு. சாயங்காலம் அரை மணிக்கொரு தரம் கேட்கிற குழந்தை, விடிகாலையில் மூன்று மணி நேரம் தூங்கும். குழந்தையை எழுப்பத்தான் மணி பார்க்க வேண்டும், கேட்கும் குழந்தையைக் காக்க வைக்க அல்ல.

முதல் தடவை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். சிசேரியன் என்றாலும் தாய்க்கு நினைவு தெளிந்ததும் செவிலியர் உதவியோடு கொடுத்துவிடலாம். மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் சில துளிதான் வரும்; அதுதான் சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்குக் குழந்தைக்கு வேண்டியதே ஒரு டீஸ்பூன் அளவுதான். ஆகவே சேனை வைக்கிறேன் என்று தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ, தெருவில் வரும் கழுதைப்பாலோ நாக்கில் தடவ வேண்டாம்.

முதல் சில நாள் குழந்தை தூங்கி வழியும். கடைசியாகக் குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் தாண்டினால், பகலோ இரவோ, எழுப்பிவிடுங்கள். சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரம் மாற்றி, உள்ளங்காலை வருடி, தாயின் வெறும் மார்பில் போட்டால் விழித்துக்கொள்ளும். தூளியில் போட்டு ஆட்டினால் பசியோடே தூங்கிப்போகும்.

மற்ற நேரமெல்லாம் குழந்தையே சொல்லும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், வாயைத் திறந்து தேடும், கையைச் சப்பும். அழுகை கடைசியில் வருவது. வீறிட்டு அழும் குழந்தைக்கு மார்பைப் பிடிக்கத் தெரியாது, முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

பிடிப்பது சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டுமல்ல, கருவட்டமும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். முதலில் வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாகி, விழுங்கும் சத்தம் கேட்கும். வலி நீடித்தால் வாயோரம் சுண்டுவிரல் விட்டு எடுத்து, மறுபடி வையுங்கள். ஒரு பக்கத்தை அதுவாக விடும்வரை குடிக்கட்டும். ஏப்பம் வர வைத்து மறுபக்கம் கொடுங்கள். அடுத்த தடவை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் மார்பு கனத்துக் கல்லாகும். அப்போது கொடுப்பதை நிறுத்தக் கூடாது. அடிக்கடி கொடுத்தால்தான் இளகும். இரவுப் பாலையும் தவிர்க்க வேண்டாம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் ஊறுகிறது.

நாமக்கல் பக்கம் எங்கள் மோகனூர் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் பார்த்து அம்மாயி கேட்பது இது: "இப்பத்தானே கண்ணு குடுத்தே, மறுக்காவும் அழுவுதே, பால் பத்தலயா?" சாயங்கால அழுகையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஈரத்துணியை எண்ணுங்கள்: ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். கறுப்பாகப் போன மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்கும். முதல் சில வாரம் டயப்பரைவிடத் துணியே மேல் என்பேன், எண்ண வசதி.

சித்திரை வெயிலில், காவிரிக்கரை ஊரானாலும் வீடு தகிக்கும். அப்போதும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், ஆறு மாதம்வரை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் நீர்தானே? தாகம் எடுத்தால் இன்னும் இரண்டு தடவை கேட்கும், கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய்.

முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் 7, 14ஆம் நாட்களில் எடை போடச் சொல்லுங்கள். பிறந்த எடையைத் திரும்ப எட்டி, நன்றாகத் தேறி வரும் குறைமாதமில்லாத குழந்தையை இரவில் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு வாரமாகியும் எடை ஏறாவிட்டாலோ, எழுப்பியும் குடிக்காமல் துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் கை கால்வரை பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கை வைத்தியம் பார்க்காமல் அன்றே நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். போகும் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போகலாம்.