தொட்டில் பக்கத்தில் பழகிய குரல்

1953-இல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற சிற்றூரில், ஒருவர் தன் மனைவிக்கு 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கி வந்தார். பிள்ளைகளைத் தூங்கவைக்க மனைவி பாடுவதைக் கேட்டுக்கேட்டு, ரேடியோவில் பாடுகிறவர்களைவிட இந்தக் குரல் மேல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த மனைவிதான் பின்னாளில் கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையின் பாடகியாகப் புகழ்பெற்ற லொரெட்டா லின். கென்டக்கி மலைப்பகுதியின் புட்சர் ஹாலோவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாக 1932-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினாறில் தாய். கிட்டாரைத் தானாகவே பழகிக்கொண்டார்.

கலைக்குத் தனிமை வேண்டும், குடும்பம் அதற்கு இடைஞ்சல் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். லொரெட்டாவின் கதையில் எனக்குப் பிடித்ததே, அவர் குரல் அந்த இடைஞ்சலுக்குள்ளேயே பழகியது என்பதுதான். கன்ட்ரி இசை அம்மாக்களைப் பற்றி எவ்வளவோ பாடியிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளை பாடுவான், அம்மா பாட்டுக்குள் ஒரு புனிதப் படமாக நிற்பாள். லொரெட்டா அந்தப் படத்திலிருந்து இறங்கி வந்து, தானே மைக்கைப் பிடித்தார்.

1971-இல் அவர் பாடிப் புகழ்பெற்ற ‘ஒன்ஸ் ஆன் த வே’ பாட்டை எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டீன். அடுப்பு ஒரு பக்கம், அழும் பிள்ளைகள் ஒரு பக்கம், வயிற்றில் இன்னொன்று என்று அல்லாடும் ஒரு வீட்டுக்காரியின் பாட்டு அது. எழுதியது ஓர் ஆண்தான். ஆனால் அந்தக் களைப்பைக் குரலில் கொண்டுவர லொரெட்டாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

‘த பில்’ வந்தபோதுதான் புயல் கிளம்பியது. கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டு. 1972-இல் பதிவானதை இசைத்தட்டு நிறுவனம் இரண்டு வருடத்துக்கு மேல் வெளியிடாமல் வைத்திருந்தது. 1975-இல் வெளியானதும் பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன, பாதிரியார்கள் கண்டித்தார்கள். இருந்தும் கன்ட்ரி பாடல் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. துண்டுப் பிரசுரங்களால் முடியாததை இந்தப் பாட்டு செய்துவிட்டது என்று கிராமத்து டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாக அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளைகளை உயிராக நேசித்துக்கொண்டே, இத்தனை பிரசவங்களை என் உடம்பு கேட்கவில்லை என்று ஒரு தாய் சொல்ல முடியும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்பதை அன்று பலரால் ஏற்க முடியவில்லை. இன்றும் முடிகிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தன் பேச்சுவழக்கையும் அவர் திருத்திக்கொள்ளவில்லை. 1970-இல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டில் இலக்கணம் ஒப்பாத வினைச்சொற்கள் உண்டு; மலைநாட்டு உச்சரிப்பில் மட்டுமே இயைபு சேரும் சொற்களும் உண்டு. துணி துவைத்துத் தேய்ந்த அம்மாவின் விரல்கள் உண்டு. அவமானமாக மறைக்கக்கூடிய வறுமையையே அவர் தன் முகவரியாக்கிக்கொண்டார். 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது, முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு, இந்தக் குரலுக்குத்தான் போனது.

இந்தப் புகழுக்குக் கொடுத்த விலையை அவர் மறைக்கவில்லை. 1964-இல் பெகி, பேட்சி என்ற இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். முந்தைய வருடம் விமான விபத்தில் இறந்த தோழி, பாடகி பேட்சி கிளைனின் பெயரைத்தான் ஒருத்திக்கு வைத்தார். அவர்கள் வளர்ந்த வருடங்களில் அம்மா பெரும்பாலும் கச்சேரிப் பேருந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குறை அவரை விடவே இல்லை. கணவரின் குடியும் துரோகமும் பாட்டுகளாயின. ஆனாலும் 1996-இல் கணவர் இறக்கும்வரை அந்தக் கல்யாணம் நீடித்தது. 1984-இல் மூத்த மகன் ஜாக் பென்னி, டென்னசியில் தங்கள் பண்ணையிலேயே ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 34. அப்போது தாய் வேறொரு மாநிலத்தில், உடம்பு ஓய்ந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.

2004-இல், 72 வயதில், ‘வேன் லியர் ரோஸ்’ ஆல்பம். தலைப்புப் பாட்டின் நாயகி அவருடைய அம்மா: சுரங்க ஊரே திரும்பிப் பார்த்த ஓர் அழகி. தேய்ந்த விரல்களை முதலில் பாடியவர், அந்த விரல்களுக்கு முந்தைய இளம்பெண்ணைத் தேடிப்போக இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

2016-இல் வந்த ‘ஃபுல் சர்க்கிள்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘விஸ்பரிங் சீ’. லொரெட்டா வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய பாட்டு அது. பிள்ளைகளோடு வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த காலத்தில் பிறந்தது. எண்பதைத் தாண்டிய அம்மா அதை மறுபடி பாட, அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவராக உடன் இருந்தவர் மகள் பேட்சி.