அக்கரைச் சீமை – 9: திருச்சியா, மெட்ராஸா?

போன வாரம் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் நிறுத்தியிருந்தேன். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறினால் சிங்கப்பூரில் இறங்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. இனி விமானக் கதை.

கடலூர் மாவட்டத்துக் கீரப்பாளையத்தில் ஒருவர் சிங்கப்பூர் கிளம்புகிறார் என்றால் சொந்தபந்தம் முதலில் கேட்பது, “திருச்சியா, மெட்ராஸா?” வானத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சென்னையிலிருந்து சாங்கிக்கு நேர்வழியில் சுமார் 2,930 கி.மீ., திருச்சியிலிருந்து சுமார் 2,980. மணிக்கு 850 கி.மீ. போகிற விமானத்துக்கு அந்த ஐம்பது கிலோமீட்டர் நாலு நிமிஷத்துக்கும் குறைவு. எங்கே ஏறினாலும் நாலு மணி நேரச் சொச்சம்.

கணக்கு உதைப்பது தரையில். மீனம்பாக்கத்துக்குச் சாலை வழி 200 கி.மீ. அளவில், திருச்சிக்கு 150 சொச்சம். இரவு ஒரு மணிக்குச் சென்னையில் விமானம் என்றால் பத்து மணிக்கே கவுன்டரில் நிற்க வேண்டும். தாம்பரம் நெரிசலுக்கும் பயந்து, வேன் மூணு மணிக்கே ஊரைவிட்டுக் கிளம்பிவிடும். அதற்கு முன்னால் மளிகைக் கடைத் தராசில் பெட்டியை நிறுத்தி, இரண்டு கிலோ கூடுகிறதென்று அம்மா கட்டித் தந்த முறுக்கை எடுப்பதா, ஊறுகாயை எடுப்பதா என்று ஒரு பஞ்சாயத்து. ஆக, பறப்பது நாலு மணி நேரம். பறப்பதற்கு முன்னால் பத்து.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கவும் கூடாது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது ஆறரை மணி நேரப் பயணம்போலத் தெரியும். திரும்பும்போது ஒன்றரை மணியில் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

காற்றும் தன் பங்குக்கு விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் தலைக்கு மேலே, 14 கி.மீ. உயரத்தை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அதை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் வீச்சு எட்டும். பருவமழைக் காலத்தில் சிங்கப்பூர் போகிறவருக்கு அது எதிர்க்காற்று, ஊர் திரும்புகிறவருக்குத் துணைக்காற்று.

பக்கத்தில் விமான நிலையமே இல்லையா என்றால், இருக்கிறது. நேர்கோட்டில் 25 கி.மீ.யில் நெய்வேலி, ஒரு காலத்தில் வாயுதூத் விமானங்கள் பறந்த ஓடுதளம், பிறகு உடான் திட்டப் பட்டியலிலும் பெயர் ஏறியது. 60 கி.மீ.யில் புதுச்சேரி, ஓடுதளம் 1,500 மீட்டர்தான் என்பதால் ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்களோடு சரி. அதில் பெங்களூர் போய் மாறுவதென்றால், கிழக்கே போக மேற்கே கிளம்புகிற கதை. கட்டணத்தில் இரண்டு மூவாயிரம் கூடினாலும் என் ஓட்டு திருச்சிக்கே. வேன் வாடகையில் ஏறத்தாழ கால்வாசி அங்கேயே மிச்சமாகிவிடும்.

(தொடரும்)