ஏற்றத்தில் எழும் உஷ்ணம்

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்ட லாரிகள் இன்று பாரதத்தின் நெடுஞ்சாலைகள் எங்கும் காணப்படுகின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் விந்தியத்துக்கு அப்பாலும் வேலை செய்கின்றன. இவற்றுள் பழைய வண்டிகள் பல. அவற்றின் பின்னே டிரெய்லரும் இணைந்துவிட்டால், யந்திரத்தைக் காட்டிலும் கியர்ப் பெட்டியும் கிளட்சும் படும் பாடே பெரிது. வழியில் கியர்ப் பெட்டி கெட்டால் அந்த நடையின் வாடகை மட்டுமன்று, அடுத்த சில மாதங்களின் தவணைப் பணமும் போய்விடும். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் போவது பணமன்று. ஆகவே, உஷ்ணம் எங்கே பிறக்கிறது, எவ்வாறு வெளியேறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பம்பாயிலிருந்து புனாவுக்குச் செல்லும் பழைய சாலையில் உள்ள போர் காட் என்னும் மலைவழியை எடுத்துக்கொள்வோம். கோபோலியிலிருந்து லோனாவ்ளா செல்வதற்குள் சாலை ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்கிறது. சுமையும் டிரெய்லரும் சேர்ந்து 25 டன் எடையுள்ள வண்டியை 500 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறக்குறைய 34 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சக்தி வேண்டும். இச்சக்தி முழுவதும் பல்சக்கரங்களின் வழியாகவே சக்கரத்துக்குச் செல்கிறது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உராயும் ஒவ்வோர் இடத்திலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு சூடாக மாறும். கியர்ப் பெட்டியும் பின் ஆக்ஸிலும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து பங்கை விழுங்குவதாகக் கொண்டால், அரைமணி நேர ஏற்றத்தில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றுக்கு மேல் அவற்றினுள் இடைவிடாது எரிவதற்கு ஒப்பாகும். சமவெளியில் இதே வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று பெட்டியைத் தழுவிக் குளிர்விக்கும். மலையிலோ வண்டி ஊர்கிறது. சூடு பெருகும் வேளையிலேயே காற்று குறைகிறது.

இந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது கியர் ஆயில். எண்பது, தொண்ணூறு டிகிரி வரை அது தன் கடமையைச் செவ்வனே செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. கெட்ட ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வீசும். ஆயில் அளவைக் கவனிப்பதில் பலர் ஒரு பக்கத்தை மட்டுமே நினைக்கின்றனர். குறைந்தால் தீங்கு என்பது யாவரும் அறிந்ததே, மிகுந்தாலும் தீங்குதான். பல்சக்கரங்கள் மிகையான ஆயிலைக் கடைந்து நுரைக்கச் செய்யும். கடைவதே ஒரு சூடு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சிறிது நேரம் கழித்து, ஆயில் விடும் துளையின் விளிம்பு வரை நிற்கிறதா என்று பார்ப்பது முறை. பெட்டியின் மேலுள்ள சிறு காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளிவிடும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இத்துளையை ஒருமுறை பார்ப்பது நலம். மற்றொன்று: ஆக்ஸிலுக்குரிய ஆயிலையே கியர்ப் பெட்டிக்கும் ஊற்றிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஆக்ஸில் ஆயிலில் கலந்துள்ள கந்தகச் சத்து, மிகுந்த சூட்டில் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். தயாரிப்பாளர் கூறும் வகையையே வாங்க வேண்டும்.

எந்தக் கியரில் ஏறுவது? யந்திரம் முனகும்வரை மேல் கியரில் இழுத்து, பிறகு மாற்றுவதைத் திறமை என்று எண்ணுவோர் உளர். அது திறமையன்று. மெதுவாகச் சுழலும் யந்திரத்தில் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் மெதுவாகவே சுழலும், ரேடியேட்டர் கொதிக்கும். ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, யந்திரத்தை அதற்கு உகந்த வேகத்தில் ஓடவிடுவதே சரி. ஓவர் டிரைவ் கியர் உள்ள வண்டிகளில், கனத்த சுமையோடு அதனைப் பயன்படுத்தலாகாது. நேர் கியரில் சக்தி ஒரே தண்டின் வழியாக நேராகப் பின்னே செல்கிறது. ஓவர் டிரைவிலோ இரண்டு பல்சக்கர இணைப்புகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

கிளட்சின் கதை வேறு. வண்டி புறப்படும் அந்தச் சில விநாடிகளில் மட்டுமே அது வழுக்கலாம். அதிலேயே அதன் ஆயுள் தீர்மானமாகிறது. முதல் கியரில் புறப்படுவதற்குப் பதிலாக, அதைப் போல் இரு மடங்கு வேகமுள்ள கியரில் புறப்பட்டால், கிளட்ச் தட்டில் பிறக்கும் சூடு இரு மடங்கன்று, நான்கு மடங்கு. சூடு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதே காரணம். சரிவில் இன்னும் மிகுதி. மேட்டில் நெரிசலில் நிற்கும்போது கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கி நிற்பவர் பிரேக்கைக் காப்பாற்றுவதாக எண்ணுகிறார். உண்மையில் யந்திரம் தரும் சக்தி முழுவதையும் அந்தத் தட்டிலேயே எரிக்கிறார். யந்திரச் சுழற்சி ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். பெடலில் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சுரங்கங்களில் டம்பர் ஓட்டும் நண்பர்களுக்குத் தானியங்கிக் கியர் பழக்கமானது. அதில் கிளட்ச் தட்டுக்குப் பதிலாக, எதிரெதிரே இரு விசிறிகள். ஒன்று தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. சக்கரம் அசையாமல் யந்திரம் மட்டும் முழு விசையோடு ஓடினால், சக்தி அனைத்தும் ஆயிலின் சூடாகிவிடும். ஆயில் உஷ்ணமானியின் முள் சிவப்பை நெருங்கினால் யந்திரத்தை அணைத்துவிடலாகாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, யந்திரத்தை மிதமான வேகத்தில் ஓடவிட்டால் ஆயில் குளிர்விப்பான் வழியே சுற்றும். இரண்டு மூன்று நிமிஷங்களில் முள் இறங்க வேண்டும். இறங்காவிடில் பழுது வேறு.

இனி இறக்கம். வடக்கே சாலைப் பலகைகளில் ‘உதார்’ என்று, தகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு சொல்லைக் காண்பீர்கள். இறக்கம் என்பது அதன் பொருள். நம் பேச்சு வழக்கில் உதார் என்பது வெறும் வாய்வீச்சு, அங்கே அப்படியன்று. ஏறும்போது சேமித்த 34 யூனிட் சக்தியும் இறங்கும்போது எங்கேனும் சூடாகியே தீரவேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கினால் அதன் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் சேருகிறது. டிரம் விரிந்து லைனிங்கை விட்டு அகலும். லைனிங்கின் பிடியும் தளரும். பெடல் கீழே போகும், வண்டி நில்லாது. அந்த வேகத்தில் பழைய பெட்டியில் மீண்டும் கியர் விழுவதும் அரிது. அன்றியும், நியூட்ரலில் கீழ்த்தண்டு மெல்லச் சுழல, மேல்தண்டு மிக விரைவாகச் சுழல்வதால், பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் தெறிப்பதில்லை. பழுதான லாரியைக் கட்டி இழுக்கும்போது புரொபெல்லர் தண்டைக் கழற்றச் சொல்வதும் இக்காரணத்தாலேயே.

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குவது பழைய விதி. டிரெய்லர் உள்ள வண்டிக்கு அதனினும் ஒரு கியர் குறைவாக வைப்பதில் நஷ்டமில்லை. அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்திச் சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள். டிரம்மைக் கையால் தொடவேண்டாம். அருகே உள்ளங்கையை நீட்டினாலே ஒரு சக்கரம் மற்றவற்றைவிடக் கனல்கிறதா என்பது புலப்படும். அப்படிக் கனன்றால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு, சமவெளியிலும் வண்டியைப் பின்னிழுக்கிறது என்று கொள்ளலாம். கிளீனர் பையன் அவசரப்பட்டு அதன்மேல் வாளித் தண்ணீரை ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு டிரம் வெடித்துவிடும். நிழலில் அரைமணி நேரம் நின்றால் அது தானே ஆறும்.