காரின் கூரையில் சைக்கிள்

பிரான்சு நாட்டில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் டி பிரான்சு' சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தய வீரர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு குழுவின் கார்களும் தொடர்ந்து செல்லும். அந்தக் கார்களின் கூரை மீது மாற்றுச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஆல்ப்ஸ் மலைச் சாலையில் கார் வேகமாக இறங்கும், கூர்மையான வளைவில் திரும்பும், திடீரென்று நிற்கும். மேலே இருக்கும் சைக்கிள்கள் விழுவதில்லை. ஏன்?

நம் நாட்டிலும் இப்போது சிலர் சைக்கிளைக் காரின் மேல் ஏற்றிக்கொண்டு வெளியூர் செல்கிறார்கள். ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. கட்டு அவிழ்ந்தால் பெரிய ஆபத்து காரில் இருப்பவர்களுக்கு அல்ல. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கே. எனவே சைக்கிளைச் சரியாகப் பொருத்துவது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு வேண்டிய இயற்பியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

எடை காப்பாற்றுமா?

"கனமான பொருள்தானே, அதன் எடையே அதை அங்கே நிறுத்தி வைக்கும்" என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சைக்கிளின் நிறை 15 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 150 நியூட்டன். ஓட்டுநர் பலமாகப் பிரேக் போடுகிறார். உலர்ந்த சாலையில் காரின் வேகம் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 8 மீட்டர் வீதம் குறைகிறது. நியூட்டனின் முதல் விதிப்படி சைக்கிள் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்ல முயலும். அதையும் காரோடு சேர்த்து நிறுத்த 15 × 8 = 120 நியூட்டன் விசை வேண்டும்.

இந்த விசையை உராய்வு தருமா? சைக்கிள் டயருக்கும் உலோகத் தாங்கிக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 75 நியூட்டன்தான். ஆகவே சைக்கிள் வழுக்கும். இன்னும் கனமான சைக்கிளை ஏற்றினால்? உராய்வு கூடும். ஆனால் அதை நிறுத்தத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். நிறையால் ஆதாயம் ஏதுமில்லை. போதாக்குறைக்கு, கார் ஒரு மேட்டில் ஏறிக் குதிக்கும்போது சைக்கிள் தாங்கியை அழுத்தும் விசை ஒரு கணம் மிகவும் குறைந்துவிடும். அப்போது உராய்வும் குறைந்துவிடும்.

தப்பிய சைக்கிள் என்ன செய்யும் என்பதையும் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22.2 மீட்டர். அந்த வேகத்தில் 15 கிலோ சைக்கிளின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3,700 ஜூல். அதே சைக்கிள் 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் பெறும் ஆற்றலும் இதுவே.

காற்றின் தள்ளுதல்

காற்றின் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் உள்ள தடை, 80 கிலோமீட்டரில் நான்கு மடங்காகும். 120-இல் ஒன்பது மடங்காகும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பலகையை 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு எதிராக நிமிர்த்திப் பிடித்தால், அதன் மேல் சுமார் 350 நியூட்டன் விசை விழும். இது 35 கிலோ மூட்டையின் எடைக்குச் சமம். சைக்கிளில் காற்று புகுந்து செல்ல இடைவெளிகள் இருப்பதால் அதன் மேல் விழும் விசை இதைவிடக் குறைவு. ஆனால் அதன் மேல் ஓர் உறையைப் போர்த்திக் கட்டினால் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். சைக்கிள் ஒரு பாயாகிவிடும். கூரையில் ஏற்றும் சைக்கிளுக்கு உறை போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எங்கே பிடிப்பது?

இங்கே ஒரு சிறு சோதனை. நீளமான ஒட்டடைக் கம்பு ஒன்றைத் தரையில் நிறுத்தி, அதன் அடியை மட்டும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரை அதன் நடுவில் ஒரு விரலால் தள்ளச் சொல்லுங்கள். கம்பைச் சாயாமல் நிறுத்த உங்களால் முடியாது. இப்போது கம்பின் நடுவைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தள்ளச் சொல்லுங்கள். எளிதாக நிறுத்திவிடுவீர்கள். விசை அதேதான், பிடிக்கும் இடம் மட்டுமே மாறியது.

கார் வளைவில் திரும்பும்போது சைக்கிளுக்கும் இதே நிலைதான். பக்கவாட்டு முடுக்கம் 4 எனக் கொண்டால், 60 நியூட்டன் விசை வேண்டும். சைக்கிளின் புவியீர்ப்பு மையம் தாங்கியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதைச் சாய்க்கும் திருப்புத்திறன் 36 நியூட்டன் மீட்டர். சக்கரங்களின் அடியில், நடுக்கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி மட்டும் பிடித்திருந்தால், அந்தப் பிடி 720 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். 50 சென்டிமீட்டர் உயரத்தில் பிரேம் குழாயைப் பிடித்தால் 72 நியூட்டன் போதும். பத்தில் ஒரு பங்கு!

சைக்கிள் கேரியரில் ஒரு நீண்ட கை நிமிர்ந்து நின்று பிரேமைப் பற்றிக்கொள்வது இதற்காகத்தான். அந்தக் கை ஏற்கும் விசை அதன் அடிப்பகுதி வழியாகக் கூரையின் குறுக்குக் கம்பிகளுக்கு இறங்குகிறது. ஆகவே அடிப்பகுதி அகலமாகவும், கம்பிகளோடு இறுகப் பூட்டப்பட்டும் இருக்க வேண்டும். இரு சக்கரங்களையும் வார்ப்பட்டையால் தாங்கியோடு கட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்பிகள் எதைப் பிடித்து நிற்கின்றன?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வழிந்தோட ஒரு விளிம்பு உண்டு. கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். புதிய கார்களில் இந்த விளிம்பு இல்லை. சிலவற்றில் கூரை மீது நீளவாட்டில் தண்டவாளம் போன்ற கம்பிகள் இருக்கும். சிலவற்றில் மரையிட்ட துளைகள் மூடியின் கீழே மறைந்திருக்கும். இவை எதுவும் இல்லாத கார்களில், கதவின் மேல் விளிம்பில் கொக்கிகள் மாட்டப்படும்.

காருக்குக் கார் கூரையின் வளைவும் விளிம்பின் வடிவமும் மாறுபடும். எனவே ஒரு காருக்குச் செய்த கால்கள் இன்னொன்றில் பொருந்துவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஓரிரு இடங்களில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். இரு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

திருகு ஏன் தளர்கிறது?

போல்ட்டை முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட போல்ட் ஒரு சுருள்வில்லைப் போலச் சுருங்க முயன்று, இரு பொருள்களையும் சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே நட்டு தானாகச் சுழலாமல் காக்கிறது. பூட்டிய பொருள்கள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நழுவினால் இந்த உராய்வு தோற்றுப்போய், நட்டு சிறிது சிறிதாகத் தளரும். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-இல் இதைச் சோதனை மூலம் விளக்கினார். மேல்கீழ் அதிர்வைவிடப் பக்கவாட்டு நழுவலே திருகுக்குப் பெரிய பகை என்பது அவர் கண்டது.

அப்படியானால் முடிந்த மட்டும் முறுக்கிவிடலாமா? கூடாது. காரின் மெல்லிய தகடு நசுங்கும், மரை தேய்ந்துபோகும், சைக்கிளின் பிரேம் குழாய் உடையவும் கூடும். குறிப்பேட்டில் 6 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் முனையில் 60 நியூட்டன், அதாவது 6 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். கால்களின் கீழ் உள்ள ரப்பர், முதல் ஓட்டத்தில் சற்றே அமுங்கும். அதனால் போல்ட்டின் இறுக்கம் குறையும். ஆகவே சிறிது தூரம் சென்றதும் காரை நிறுத்தி மீண்டும் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்?

ஒவ்வொரு காரின் கூரைக்கும் ஒரு சுமை வரம்பு உண்டு. பல கார்களில் அது 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். கம்பிகளின் எடையும் கேரியரின் எடையும் இதில் அடங்கும். கம்பிகள் 5 கிலோ, இரண்டு கேரியர்கள் 8 கிலோ, சைக்கிள்கள் இரண்டும் 30 கிலோ என்றால் மொத்தம் 43 கிலோ. கேரியருக்கும் தனி வரம்பு உண்டு. நம் ஊர்களில் பால்காரர் ஓட்டும் கனத்த சைக்கிள் 20 கிலோவைத் தாண்டும். பல கேரியர்கள் அதைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. அத்தகைய சைக்கிளைக் கூரையில் ஏற்றாமல் விடுவதே நல்லது.

காரின் பின்புறம் மாட்டும் கேரியர்களும் உண்டு. தூக்கி ஏற்றுவது எளிது. காற்றின் தடையும் குறைவு. ஆனால் வண்டி எண் பலகையையும் பின் விளக்குகளையும் அவை மறைத்துவிடக் கூடாது.

புறப்படுமுன்

1. போல்ட்டுகள், கொக்கிகள், வார்ப்பட்டைகள் அனைத்தையும் தொட்டுப் பாருங்கள். நீண்டு சுருங்கும் ரப்பர் கயிற்றை முக்கியக் கட்டாக நம்ப வேண்டாம்.

2. சைக்கிளிலிருந்து காற்றடிக்கும் பம்ப், தண்ணீர்ப் புட்டி, பை ஆகியவற்றைக் கழற்றி விடுங்கள்.

3. தரையிலிருந்து சைக்கிளின் உச்சி வரை அளந்து, ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டுங்கள். ஒன்றரை மீட்டர் உயரக் கார் இப்போது இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும்!

4. கடைசியாகச் சைக்கிளைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். சைக்கிள் மட்டும் ஆடினால் எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. சைக்கிளோடு சேர்ந்து காரும் ஆடினால், இரண்டும் ஒரே பொருளாகிவிட்டன என்று பொருள். அதன் பிறகு புறப்படலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், தப்பிய சைக்கிளின் ஆற்றல் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்? விடை 40 மீட்டருக்குச் சற்றே குறைவாக வரும். போட்டுப் பார்த்து, காரோட்டும் பெரியவர்களிடமும் காட்டுங்கள்.